25 வயதுக்குக் கீழே: கிரேக்க இளைஞர்களின் சம்பளத்தை வெட்டிய ஆணையும் அதன் பின்விளைவுகளும்

2012 பிப்ரவரி 28 அன்று கிரீஸ் அமைச்சரவை 6ஆம் எண்ணிட்ட ஓர் ஆணையைப் பிறப்பித்தது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக இறங்கியது. 22 சதவீத வெட்டு. வேலை பார்ப்பவருக்கு 25 வயது நிரம்பவில்லை என்றால் வெட்டு 32 சதவீதம், சம்பளம் 511 யூரோ. தினக்கூலிக்காரர்களுக்கும் இதே கணக்குதான்: 33.57 யூரோவாக இருந்த நாள் கூலி பெரியவர்களுக்கு 26.18 ஆனது, 25க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 22.83 ஆனது. ஒரே உணவகத்தில் ஒரே நேரத்தில் தட்டு சுமக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு வயது 24, மற்றவருக்கு 26 என்றால் மாதச் சம்பளத்தில் 75 யூரோ வித்தியாசம். அதற்குக் காரணம் பிறந்த தேதி மட்டுமே.

கிரேக்க இளைஞர்களின் வேலையின்மை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2013இல் எட்டிய 58 சதவீதத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்தச் சம்பள ஆணைதான் முக்கியமாகப் படுகிறது. இளைஞர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற பெயரிலேயே இளைஞர்களின் சம்பளம் குறைக்கப்பட்டது. அந்த ஏற்பாடு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நடைமுறையில் இருந்து, 2019 பிப்ரவரி 1 அன்று நீக்கப்பட்டது. ஆகவே முன்பு என்ன, இடையில் என்ன, பின்பு என்ன என்று மூன்றையும் பார்க்க முடிகிறது. பொருளாதாரக் கொள்கைகளில் இப்படி ஒரு தெளிவான வாய்ப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை.

நெருக்கடிக்கு முன்பே இருந்த நோய்

2008இல், பொருளாதாரம் இன்னும் சரிந்திராத காலத்தில், கிரீஸின் மொத்த வேலையின்மை 7.8 சதவீதம். அதே ஆண்டு 15 முதல் 24 வயதுள்ளவர்களிடையே அது 22 சதவீதம். நல்ல காலத்திலேயே இளைஞர்கள் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு வேலையில்லாமல் இருந்தார்கள்.

ஒரு கிரேக்கக் குடும்பம் பிள்ளைக்காகப் போட்டு வைத்திருந்த பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள் பிள்ளை மாலை முழுவதும் ஃப்ரொந்திஸ்தீரியோ எனப்படும் தனியார் ட்யூஷன் சென்டரில் கழிக்கும். பிறகு நாடு முழுவதற்குமான பான்ஹெலனிக் தேர்வு. பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை; அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு உயர்கல்வியை அரசுப் பொறுப்பாக வைத்திருந்தது. பட்டம் வாங்கியபின் அரசு வேலைக்கான போட்டித் தேர்வு, அல்லது தெரிந்த அரசியல்வாதி ஒருவரின் சிபாரிசு. தனியார் துறையில் பெரிய நிறுவனங்கள் சொற்பம். பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைகளும் பட்டறைகளும்தான் எங்கும். அங்கே பட்டதாரிக்கு என்ன வேலை இருக்கிறது?

பட்டம் படித்த பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள், பத்திரிகையாளர்கள் பலர் அப்போதே “ப்ளொகாக்கி” முறையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரே முதலாளியிடம் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஆனால் காகிதத்தில் அவர்கள் சுயதொழில் செய்பவர்கள். மாதக் கடைசியில் பில் புத்தகத்திலிருந்து ஒரு ரசீது கிழித்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள். காப்பீட்டுச் சந்தா முழுவதும் அவர்கள் தலையில். விடுப்பு இல்லை, பணிநீக்க இழப்பீடு இல்லை. 2000களின் நடுவில் “700 யூரோ தலைமுறை” என்று ஏதென்ஸ் பத்திரிகைகள் அழைத்தது இவர்களைத்தான். அன்று அது புலம்பலாகச் சொல்லப்பட்டது. ஐந்தாறு வருடத்தில் 700 யூரோ கிடைத்தாலே பெரிய விஷயம் என்றாகிவிட்டது.

2008 டிசம்பர் 6 இரவு ஏதென்ஸின் எக்ஸார்ஹியா பகுதியில் 15 வயது மாணவன் அலெக்ஸாந்த்ரோஸ் கிரிகோரோபூலோஸை ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொன்றார். அடுத்த பல வாரங்கள் நாடு முழுவதும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். கடன் நெருக்கடி வெடிக்க இன்னும் ஓராண்டு இருந்தது. அந்தக் கோபத்தின் உடனடிக் காரணம் துப்பாக்கிச் சூடு. ஆனால் படித்தும் வழியில்லை என்ற எரிச்சல் அதற்கு முன்பே அங்கே சேர்ந்துகிடந்தது என்பது என் கணிப்பு.

ஆணை வந்த விதம்

2009 அக்டோபரில் பதவியேற்ற யோர்கோஸ் பாபாந்த்ரேயூ அரசு, பட்ஜெட் பற்றாக்குறை முன்பு சொல்லப்பட்டதைவிடப் பல மடங்கு என்று அறிவித்தது. 2010 மே மாதம் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) மூன்றும் சேர்ந்த “த்ரோய்கா” 110 பில்லியன் யூரோ கடன் ஒப்பந்தம் போட்டது. அரசுப் பணியில் ஐந்து பேர் ஓய்வு பெற்றால் ஒருவரை மட்டுமே எடுக்கலாம் என்ற விதி வந்தது. அடுத்த ஆண்டே அது பத்துக்கு ஒன்று ஆனது. ஒரு தலைமுறைக் குடும்பங்கள் பணத்தைக் கொட்டி வளர்த்த கனவின் கதவு இந்த ஒரே விதியில் மூடிக்கொண்டது.

2012 தொடக்கத்தில் இரண்டாவது கடனுக்கான பேச்சு நடந்தபோது பிரதமராக இருந்தவர் லூக்காஸ் பாபதேமோஸ். ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத்தலைவர், தேர்தலில் நிற்காதவர். அதுவரை குறைந்தபட்சச் சம்பளத்தை அரசு நிர்ணயிக்கவில்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் அமைப்புகளும் உட்கார்ந்து பேசி, நாடு தழுவிய பொது ஒப்பந்தமாகப் போட்டுக்கொண்டிருந்தன. குறைந்தபட்சச் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம் என்று பிப்ரவரி தொடக்கத்தில் இரு தரப்பும் சேர்ந்தே பிரதமருக்கு எழுதின. முதலாளிகளே கேட்காத வெட்டு அது. ஆனாலும் பிப்ரவரி 12 இரவு, வெளியே ஏதென்ஸ் நடுநகரத்தில் கட்டடங்கள் எரிந்துகொண்டிருக்க, 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 199 வாக்குகளில் ஒப்பந்தம் நிறைவேறியது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் ஆறாம் எண் ஆணை.

த்ரோய்காவின் வாதம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அனுபவமில்லாத இளைஞரின் உழைப்பு முதலாளிக்கு அதிக லாபம் தராது. அந்த உழைப்பின் விலையைக் குறைத்தால் அதிகம் பேரை எடுப்பார்கள். இளைஞர் வேலையின்மை ஏற்கெனவே 45 சதவீதத்தை ஒட்டி இருந்த நாட்டில் இதைக் கேட்கும்போது நியாயமாகக்கூடத் தோன்றலாம். வேலை இல்லாமல் இருப்பதைவிட 511 யூரோ வேலை மேல் என்பதை யார் மறுப்பார்கள்?

இதோடு கூடவே இன்னொரு ஷரத்தும் இருந்தது. அப்போது பலர் அதைக் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டு பணிக்கு 10 சதவீதம் என்று மூன்று கட்டமாக ஏறும் அனுபவப் படி, நாட்டின் வேலையின்மை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. இந்த ஷரத்தைக் கடைசியில் மீண்டும் பார்ப்போம்.

58 என்ற எண்ணைச் சரியாகப் படிப்பது

2011இல் 44.7 சதவீதமாக இருந்த இளைஞர் வேலையின்மை, ஆணை வந்த 2012இல் 55ஐத் தாண்டியது. 2013இல் 58. இளம்பெண்களிடையே 60ஐத் தாண்டியது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பியிருந்த மேற்கு மக்கதோனியா வட்டாரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் போன ஆண்டு உண்டு.

நூறு இளைஞர்களில் 58 பேர் வேலையின்றித் தெருவில் நின்றார்கள் என்று இதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. 15 முதல் 24 வயதுக்குள் பெரும்பாலோர் படித்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரண்டையும் கூட்டினால் நூறு பேருக்கு ஏறத்தாழ 28 பேர்தான் தேறும். அந்த 28இல் 16 அல்லது 17 பேருக்கு வேலை இல்லை. அதாவது வேலை கேட்டு வெளியே வந்த இளைஞர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ஏமாற்றம். மற்றவர்கள் கல்லூரியில் இருந்தார்கள். படிப்பு முடிந்தும் முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு, வெளியே வந்து என்ன செய்வது என்பதால்.

எனக்கு இதைவிடக் கவலை தரும் எண் வேறு. 25 முதல் 29 வயதுள்ளவர்களிடையே அந்த ஆண்டில் வேலையின்மை 40 சதவீதத்துக்கு மேல். இவர்கள் படிப்பை முடித்தவர்கள். முதல் வேலையும் முதல் வாடகை வீடும் கல்யாணமும் வர வேண்டிய வயது.

ஒரு சம்பளச் சீட்டு

511 யூரோவில் காப்பீட்டுச் சந்தா பிடித்தம் 16.5 சதவீதம் போனால் கையில் சுமார் 427. அந்தக் காலத்தில் ஏதென்ஸின் கிப்ஸேலி மாதிரியான பழைய பகுதியில் ஒற்றை அறை வீட்டுக்கு இருநூறு, இருநூற்றைம்பது வாடகை. பேருந்து, மெட்ரோ மாத பாஸ் 2014 செப்டம்பரில் குறைத்த பிறகும் 30. மின்சாரம், குளிர்காலத்தில் ஹீட்டர், தொலைபேசி. மீதியில் சாப்பிட வேண்டும். 2012 மே மாதம் ஐரோப்பிய கவுன்சிலின் சமூக உரிமைகள் குழு, இளையவர்களுக்கான இந்தக் குறைந்த சம்பளம் வறுமைக்கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது, ஐரோப்பிய சமூக சாசனத்தை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. கிரீஸ் மின்வாரியத் தொழிலாளர்களும் அரசு ஊழியர் கூட்டமைப்பும் தொடுத்த வழக்கு அது. தீர்ப்புக்குப் பிறகும் ஆணை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதுவும் முழுநேர வேலை கிடைத்தவரின் கதைதான். புதிதாக எடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் பகுதிநேரத்திலோ முறைவைத்து வேலைக்கு வருபவர்களாகவோ இருந்த ஆண்டுகள் உண்டு. நாலு மணி நேரம் என்று பதிவு செய்துவிட்டு எட்டு மணி நேரம் வேலை வாங்குவது சர்வ சாதாரணம். சம்பளத்தை வங்கி வழியாகத்தான் தர வேண்டும் என்று விதி வந்த பிறகும் சில முதலாளிகள் வழி கண்டுபிடித்தார்கள். கிறிஸ்துமஸ் போனஸைக் கணக்கில் போட்டுவிட்டு, ஊழியரை ஏ.டி.எம். வரை கூட்டிப்போய், எடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தச் சட்டத்துக்கும் இதுதான் கதி.

வேலை இல்லாதவருக்கு உதவித்தொகை? அதுவும் அதே 2012இல் மாதம் 461 யூரோவிலிருந்து 360க்கு இறங்கியது, அதிகபட்சம் ஓராண்டு. முன்பு வேலை செய்து சந்தா கட்டியவருக்குத்தான் அது. இதுவரை வேலையே கிடைக்காத 20 முதல் 29 வயதுக்காரருக்கு வேறு ஒரு தொகை இருந்தது. ஓராண்டு வேலையில்லாதவராகப் பதிவு செய்து காத்திருந்தால் மாதம் 73 யூரோ, ஐந்து மாதத்துக்கு.

அப்படியானால் எப்படிப் பிழைத்தார்கள்? பாட்டி, தாத்தாவின் ஓய்வூதியத்தில். நெருக்கடி ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களின் முக்கிய வருமானமே ஓய்வூதியம் என்று சிறுதொழில் கூட்டமைப்பின் ஆய்வுகள் வருடா வருடம் சொல்லின. சொந்த வீடு வைத்திருப்பவர்கள் கிரீஸில் அதிகம். அதனால் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார்கள். நாடு சிதறிப்போகாமல் நின்றதற்கு எந்த அரசுத் திட்டத்தையும்விட இந்த வீடுகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஓய்வூதியமும் பல முறை வெட்டப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

ஏன் பலிக்கவில்லை

கடைக்காரர் ஆளை எடுக்காததற்குக் காரணம் சம்பளம் அதிகம் என்பதல்ல. வாடிக்கையாளர் வரவில்லை, வங்கி கடன் தரவில்லை. 2008இலிருந்து 2013க்குள் நாட்டின் மொத்த உற்பத்தி நாலில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. ஏதென்ஸின் ஸ்தாதியூ தெருவில் அடுத்தடுத்து ஷட்டர் இறங்கிய கடைகள் நின்றன. சம்பளத்தை வெட்டியதும் அந்தக் கடைகளில் செலவழிக்க வேண்டியவர்கள் கையிலிருந்த பணமும் குறைந்தது. ஒரு உணவகத்துக்குப் பணியாளர் 511 யூரோவுக்குக் கிடைக்கலாம். சாப்பிட வரும் ஆள் கையில் காசில்லை என்றால் அந்தப் பணியாளருக்கு என்ன வேலை?

ஐ.எம்.எஃப். 2013இல் தன் முதல் கிரீஸ் திட்டத்தைத் தானே மதிப்பிட்டது. 2012இல் வேலையின்மை 15 சதவீதமாக இருக்கும் என்று கணித்திருந்தார்கள், நடந்தது 25. செலவு வெட்டின் தாக்கத்தைக் குறைத்து எடைபோட்டுவிட்டதாக அதன் தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்ஷார் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். ஒப்புக்கொண்டார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகும் 25 வயதுக்குக் கீழானவர்களின் சம்பளம் மாறவில்லை. தப்பான கணக்கின் பில்லை அவர்கள் தொடர்ந்து கட்டினார்கள்.

எண்ணிக்கை பிறகு மெல்லக் குறைந்தது: 2015இல் 50ஐ ஒட்டி, 2018இல் 40ஐ ஒட்டி. ஆணைக்கு இதில் பங்கில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சுற்றுலா மீண்டது, கடன் பீதி தணிந்தது. எல்லாம் சேர்ந்தே நடந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் அலெக்ஸிஸ் சிப்ராஸ் அரசு வயது வேறுபாட்டை நீக்கி எல்லோருக்கும் 650 யூரோ என்று வைத்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். 25க்குக் கீழே இருந்தவரின் குறைந்தபட்சச் சம்பளம் ஒரே நாளில் 27 சதவீதம் ஏறியது. அவர்களுக்கு வேலை போய்விடும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு இளைஞர் வேலையின்மை 35 சதவீதமாகக் குறைந்தது. வெட்டியபோது ஏறியது, வெட்டை நீக்கியபோது இறங்கியது. சம்பள அளவைவிட வாங்கும் கை இருக்கிறதா என்பதுதான் அங்கே வேலையைத் தீர்மானித்தது என்று நான் முடிவுக்கு வருவது இதை வைத்துத்தான்.

போனவர்கள்

வேலையின்மை எண்ணிக்கை குறைந்ததில் இன்னொரு பகுதி விமான நிலையத்தில் கழிந்தது. 2008 முதல் 2013 வரை மட்டும் 4,27,000 கிரேக்கர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று கிரீஸ் மத்திய வங்கி 2016இல் கணக்கிட்டது. சுமார் 1.1 கோடிப் பேர் உள்ள நாடு அது. 1960களில் ஜெர்மனிக்குப் போன தாத்தாக்கள் ஆலைத் தொழிலாளர்கள். இந்த முறை போனவர்களில் பெரும் பங்கு பட்டதாரிகள்: ஜெர்மன் மருத்துவமனைகளுக்கு மருத்துவர்கள், லண்டனுக்குப் பொறியாளர்களும் ஆய்வாளர்களும். கட்டணமில்லாத பல்கலைக்கழகத்தில் கிரேக்க மக்களின் வரிப்பணத்தில் படித்தவர்கள். கடன் கொடுத்த நாடுகளுக்கு இந்தப் படிப்பு இலவசமாகக் கிடைத்தது. அந்தக் கணக்கு எந்தக் கடன் ஒப்பந்தத்திலும் வரவு வைக்கப்படவில்லை.

2020இல் வந்த சட்டம், வெளிநாட்டிலிருந்து திரும்பி வேலைக்குச் சேர்பவருக்கு ஏழு ஆண்டுகள் வருமான வரியில் பாதித் தள்ளுபடி தருகிறது. சிலர் திரும்பியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் போகாமல் தங்கி 427 யூரோவில் நாள் கழித்தவருக்கு அதில் எதுவும் இல்லை.

தங்கியவர்கள் கற்றுக்கொண்டது

2021 செப்டம்பர் நடுவில், நாட்டின் பெரிய உணவு டெலிவரி நிறுவனமான இ-ஃபுட் 115 டெலிவரி ஊழியர்களுக்குச் செய்தி அனுப்பியது. சுயதொழில் செய்பவராக மாறுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பழைய ப்ளொகாக்கி, இப்போது மொபைல் செயலியில். ஆனால் இந்த முறை அது எடுபடவில்லை. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் செயலியைத் தங்கள் போனிலிருந்து நீக்கினார்கள். செயலியின் மதிப்பெண் ஒற்றை நட்சத்திரத்துக்கு விழுந்தது. ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மோட்டார் சைக்கிள்களில் வரிசை கட்டி ஏதென்ஸ் நடுநகரத்தில் ஊர்வலம் போனார்கள். நிறுவனம் பின்வாங்கியது. 2,016 ஊழியர்களுக்குக் காலவரையற்ற நிரந்தர ஒப்பந்தம் கொடுத்தது.

நான் இதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். செயலியை நீக்கியவர்களில் பலர் இதே பத்தாண்டுகளில் வேலை தேடி அலைந்தவர்களாக இருந்திருப்பார்கள். கதவைத் தட்டும் டெலிவரி பையனுக்கு என்ன ஒப்பந்தம் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைய கணக்கு

2023இல் இளைஞர் வேலையின்மை 27 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அதன் பிறகும் குறைந்துவருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 880 யூரோ ஆனது. சுற்றுலாப் பருவத்தில் தீவுகளில் ஆள் கிடைக்கவில்லை என்று ஹோட்டல்காரர்கள் சொல்கிறார்கள். சான்டோரினியில் வேலைக்குப் போகிறவர் எங்கே தங்குவது என்ற கேள்விக்குப் பல இடங்களில் சரியான பதில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே வருமானத்தில் பெரும்பகுதியை வீட்டுக்குச் செலவிடும் குடும்பங்கள் அதிகம் உள்ள நாடு கிரீஸ்; இளைஞர்கள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது 30ஐத் தாண்டியிருக்கிறது. 2025 அக்டோபரில், ஆண்டில் 37 நாள் வரை ஒரே முதலாளியிடம் 13 மணி நேரம் வேலை செய்ய வழிவிடும் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்து அதே மாதத்தில் இரண்டு பொது வேலை நிறுத்தங்கள் நடந்தன.

நிறுத்திவைக்கப்பட்ட அனுபவப் படிக்கு வருகிறேன். 2024 ஜனவரி 1 முதல் அது மீண்டும் வந்தது. ஆனால் 2012 பிப்ரவரி 14 முதல் 2023 டிசம்பர் 31 வரை செய்த பணி கணக்கில் சேராது என்று சட்டம் சொல்கிறது. 22 வயதில், 2012 கோடையில் முதல் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று ஆண்டு வயதின் பெயரால் குறைந்த சம்பளம். பிறகு பெரியவர்களுக்கான 586. 2024 தொடங்கியபோது அவருக்கு 34 வயது. அனுபவப் படியைப் பொறுத்தவரை அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர். 2025 செப்டம்பரில் தெசலோனிக்கி கண்காட்சியில் பிரதமர் கிரியாகோஸ் மிட்சோதாகிஸ் அறிவித்த வரிச் சலுகையின்படி, 2026 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 20,000 யூரோ ஆண்டு வருமானம் வரை வரி கிடையாது. 30 வயது வரை உள்ளவர்களுக்கு வரி குறைகிறது. இன்றைய இளையவர்களுக்கு இது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. 2012இல் சேர்ந்தவருக்கு இப்போது 36 வயது. இந்தச் சலுகையும் அவருக்கு இல்லை. அழிக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பணியைக் கணக்கில் சேர்ப்பதற்குப் புதிய கடனோ ஐரோப்பிய அனுமதியோ வேண்டாம். ஏதென்ஸ் நாடாளுமன்றம் ஒரு ஷரத்தைத் திருத்தினால் போதும், அதை உடனே செய்ய வேண்டும்.